பாராமல் வாசித்த வாக்குமூலம்

பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர் போன வாரம் என்னைப் பார்க்க வந்தார். பள்ளியின் ஆண்டு மலருக்கு என்னிடமிருந்து ஒரு கட்டுரை வேண்டுமாம். ஆங்கில வினைச்சொல்லோடு ‘அப்’, ‘ஆஃப்’, ‘டவுன்’ என்று ஒரு சின்னச் சொல் ஒட்டிக்கொண்டால் பொருளே மாறிப்போகிறது, பிள்ளைகள் திணறுகிறார்கள் என்றார். நீங்கள் மாஜிஸ்திரேட் கச்சேரியில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர், ஏதாவது ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு அதன் பொருள்களையெல்லாம் விளக்கி எழுதித் தாருங்கள் என்றார். எந்தச் சொல்லை எடுத்துக்கொள்வது என்று நான் கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு, ‘கிவ் அப்’ என்று வைத்துக்கொள்ளுங்களேன் என்றார்.

பாவம், அந்த மனிதருக்கு ஒன்றும் தெரியாது. வாயில் வந்ததைச் சொன்னார். எனக்குத்தான் கையிலிருந்த காப்பித் தம்ளரைக் கீழே வைக்க வேண்டியதாயிற்று. அந்தச் சொல்லால் ஒரு காரியம் நடந்தது, முதல் ஐரோப்பிய யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம். இத்தனை காலம் கழித்தும் அந்தச் சொல் காதில் விழுந்தால் எனக்கு நெஞ்சு திடுக்கென்கிறது. அவர் கேட்டதை எழுதுகிறேன். அதோடு கேட்காததையும் எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர் விருப்பம்.

நான் வேலைக்குச் சேர்ந்தது இந்த நூற்றாண்டு பிறந்த சமயம். மெட்ரிகுலேஷன் தேறியிருந்தேன், கையெழுத்து முத்து முத்தாக இருந்தது, அப்பா மிஷனில் உபதேசியார். இந்த மூன்றும் சேர்ந்து எனக்கு நகல் எழுதும் வேலையை வாங்கித் தந்தன. எந்தக் கச்சேரி, எந்தத் துரை என்று எழுதப் போவதில்லை. துரைமார் கப்பலேறிப் போய்விட்டார்கள். மற்றவர்களுடைய பிள்ளைகள் இங்கேதான் இருக்கிறார்கள். தாமிரபரணிக் கரையில் ஒரு பகுதிக்கு மாஜிஸ்திரேட்டாக இருந்த வெள்ளைக்காரத் துரையின் கச்சேரி என்று தெரிந்தால் போதும். அங்கே மூன்று வருஷம் நகல் எழுதினேன். பிறகு மொழிபெயர்ப்புப் பிரிவில் போட்டார்கள்.

தலைமை மொழிபெயர்ப்பாளர் குற்றாலம் பிள்ளை தச்சநல்லூர்க்காரர். குள்ளமான உருவம், கருப்புக் கோட்டு, நெற்றியில் கலையாத திருநீறு, அங்கவஸ்திரத்தில் பொடிக் கறை. யாரையும் அதட்டமாட்டார். தப்புச் செய்தவனுடைய மேஜைக்கு வந்து, தப்பான சொல்லின் மேல் ஆட்காட்டி விரலை வைத்து, அவனாகக் கண்டுபிடிக்கிற வரைக்கும் எடுக்காமல் நிற்பார். விரலில் எப்போதும் மூக்குப்பொடி ஒட்டியிருக்கும். அவர் போனபின் அந்தச் சொல்லின் மேல் பழுப்பாக ஒரு தடம் இருக்கும். முதல் வருஷம் என் காகிதமெல்லாம் ஒரே பழுப்பு.

அவரிடம் தோல் அட்டை போட்ட தடித்த நோட்டு ஒன்று இருந்தது. இந்த ஒட்டுச்சொல் வினைகளுக்கு ‘வால் வினை’ என்று பெயர் வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார். ‘கிவ்’ என்றால் கொடு, அதற்கு ‘அப்’ என்று ஒரு வால் முளைத்தால் கொடு போய் விடு ஆகிவிடும் என்று தொடங்கும் அந்தப் பக்கம் எனக்கு இன்றும் மனப்பாடம். பொடி போடும் பழக்கத்தை விட்டுவிட்டால் கிவ் அப். இந்த உதாரணத்தை அவரே எழுதியிருந்தார், எழுதியதோடு சரி. காணாமற்போன மாட்டைத் தேடியலைந்து, இனி ஆகாது என்று திரும்பி வந்தாலும் கிவ் அப். ரயிலில் பிள்ளைத்தாய்ச்சிக்கு இடம் விட்டு எழுந்தாலும், வைத்தியர் நோயாளியைப் பார்த்துக் கைவிரித்தாலும், நிலத்தின் மேலுள்ள பாத்தியதையை விட்டுக்கொடுத்தாலும், ஒளித்து வைத்த களவுப்பொருளை எடுத்துக் கொடுத்தாலும் அதே சொல்தான். கடைசியில் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: குற்றம் செய்தவன் தானாகப் போலீசில் போய்ச் சரணடைதல்.

பக்கத்திலேயே ஈடான சொற்கள் வரிசையாக இருக்கும். சரண்டர், அபாண்டன், யீல்ட், ரினவுன்ஸ், ரிலிங்க்விஷ். இவை ஒன்றுக்கொன்று மாற்று என்று நினைத்துவிடக் கூடாது என்பார் பிள்ளை. கோட்டையைச் சரண்டர் செய்யலாம், மூக்குப்பொடியைச் செய்ய முடியாது. பதவியை ரினவுன்ஸ் செய்யலாம், ரயிலில் இடத்தைச் செய்தால் துரை சிரிப்பார். எது எங்கே ஒட்டாதோ அங்கெல்லாம் கிவ் அப் கைகொடுக்கும். துரைமாருக்கு அவர்கள் வீட்டில் பேசுகிற சொல்தான் காதுக்கு இதம் என்பது அவருடைய கொள்கை. ஆகவே, கைதியானவன் தன் காலால் நடந்து ஸ்டேஷனுக்குப் போயிருந்தால் எங்களுக்கு ஒரே வாக்கியம்தான்: தன்னைத்தானே கிவ் அப் செய்துகொண்டான். யோசிக்க வேண்டாம், வாய் தானாகச் சொல்லிவிடும்.

இனி வாக்குமூலம் எழுதும் முறையைச் சொல்ல வேண்டும். கைதி தமிழில் சொல்லுவான். நாங்கள் வாக்கியம் வாக்கியமாக இங்கிலீஷில் சொல்லுவோம். துரை எழுதுவார். எழுதி முடித்ததும், துரை எழுதிய தாளை மொழிபெயர்ப்பாளன் கையில் வாங்கி, அதில் இருக்கிறதைத் தமிழாக்கி, கைதிக்கு வாசித்துக் காட்ட வேண்டும். சரிதான் என்று அவன் ஒப்புக்கொண்டால் பெருவிரல் ரேகை வாங்கி, வாசித்துக் காட்டினோம் என்று கீழே நாங்கள் கையெழுத்துப் போட வேண்டும். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. நாங்கள் செய்தது வேறு.

துரையின் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். அதைப் படிப்பதற்குள் அடுத்த வழக்குக்காரன் வந்து நின்றுவிடுவான். துரையும் தாளை விடமாட்டார். ஓரத்தில் குறிப்பு எழுதிக்கொண்டே இருப்பார். அதனால் பிள்ளை எத்தனையோ வருஷத்துக்கு முன்பே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். கண்ணை மூடிக்கொள்வார். அங்கவஸ்திரத்தின் இரண்டு நுனியையும் பிடித்துக்கொள்வார். அந்த ஆள் தமிழில் என்ன சொன்னானோ அதை முதலிலிருந்து கடைசி வரை, அவன் இழுத்த இடத்தில் இழுத்து, இருமின இடத்தில் மட்டும் இருமாமல், அப்படியே ஒப்பிப்பார். வராந்தாவில் நிற்கிற சனம் மலைத்துப்போகும். தாளில் உள்ளதைத்தான் இவர் தமிழில் சொல்லுகிறார் என்று துரை நினைத்துக்கொள்வார்.

எனக்கோ இந்த வித்தை வெல்லமாக இனித்தது. மிஷன் பள்ளியில் படித்தவர்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைதோறும் வேத வசனத்தைப் பாராமல் ஒப்பிக்க வேண்டும். நீளமான சங்கீதம் ஒன்றை மூச்சுவிடாமல் ஒப்பித்து, பேனாக்கத்தி ஒன்று பரிசு வாங்கியவன் நான். பிள்ளைக்குப் பிறகு கச்சேரியில் பாராமல் வாசிக்கக் கூடியவன் நான் ஒருவன்தான் என்று பெயர் வந்தது. ஒரு தடவை புன்னக்காயலிலிருந்து வலைத் தகராறில் சாட்சி சொல்ல வந்த கடல்காரர் ஒருவர் தங்கள் கரைப் பேச்சிலேயே விலாவாரியாகச் சொல்லிக்கொண்டு போனார். பாதிச் சொற்கள் நான் முன்பின் கேட்டறியாதவை. அவர் சொன்னதை அவர் மாதிரியே திருப்பிச் சொன்னேன். நீரும் எங்க கடக்கரைதானோ என்று அவர் கேட்டுவிட்டார். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

இப்படிப் பத்து வருஷம் போயிற்று.

யுத்தத்துக்கு முந்தின வருஷம் கார் சாகுபடியின்போது துரை கல்லிடைக்குறிச்சிப் பக்கம் முகாம் போட்டிருந்தார். அங்கே ஒரு கொலை வழக்கின் முதல் விசாரணை வந்தது. வாய்க்கால் தண்ணீரை முறைவைத்து வயல்களுக்குத் திறந்துவிடுகிற முத்தையா என்பவன் கைதி. இறந்தவர் அங்கே நிலம் வைத்திருந்த ஒரு பண்ணையார். முந்தின நாள் தண்ணீர் முறைக்காக இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை நடந்ததை ஊரே பார்த்திருந்தது. அடுத்த நாள் காலை பண்ணையார் மடையில் பிணமாகக் கிடந்தார், தலையில் காயம். அடித்ததைக் கண்ட சாட்சி ஒருவரும் இல்லை. முத்தையா துரைக்கு முன்னால் கைகட்டி நின்று சொன்னான்:

“விடியக்கருக்கல்ல மடையத் தொறக்கப் போனேன் எசமான். தண்ணிக்குள்ள துண்டு ஒண்ணு கெடந்துச்சு. இழுத்துப் பாத்தா பண்ணையாரு. தூக்கிக் கரையில போட்டேன். கையில இருந்த மம்பட்டியக் கூட வீட்டுல வைக்காம, நேரா டேசனுக்கு ஓடிப்போயி ஏட்டையாட்ட சொன்னேன். நீதாம்லே அடிச்சிருப்பன்னு என்னையவே உள்ள வச்சிட்டாவ.”

நான் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வந்தேன். கரையில் போட்டான் என்பது வரை ஒரு குறையும் இல்லை. அன்று காலையில்தான் போலீஸ் தாள்களை மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தேன்; அவற்றில் அவன் சரணடைந்ததாகவே எழுதியிருந்தார்கள். கைதி, தன் காலால் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறான். என் வாய் தானாகச் சொல்லிவிட்டது: மண்வெட்டியோடு ஸ்டேஷனுக்குப் போய் என்னை நானே கிவ் அப் செய்துகொண்டேன், என்னை உள்ளே வைத்தார்கள். ஏட்டையா சந்தேகப்பட்டுச் சொன்ன சொல் அந்த வாக்கியத்துக்குள் கரைந்துபோயிற்று. துரையின் பேனா அதை எழுதிற்று. நான் சொன்னது என்ன என்று எனக்கே உறைக்கவில்லை.

பிறகு வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு முத்தையாவுக்கு வாசித்துக் காட்டினேன். மடை, துண்டு, மம்பட்டி, ஏட்டையாட்ட சொன்னேன் எல்லாம் வந்தது. ஒரு சொல் பிசகவில்லை. அவன் முகம் மலர்ந்தது. நான் சொன்ன மாதிரியே இருக்கு அய்யா என்று சொல்லிவிட்டு, நிம்மதியாகப் பெருவிரலை நீட்டினான். நான் அந்த விரலைப் பிடித்து மையில் ஒற்றித் தாளில் அழுத்தினேன். அதன் கீழே கையெழுத்தும் போட்டேன்.

இரண்டு மாதம் கழித்துப் பெரிய கோர்ட்டில் வழக்கு எடுத்தார்கள். வாக்குமூலத்தைப் பற்றிச் சாட்சி சொல்ல வரவேண்டும் என்று எனக்குச் சம்மன் வந்தது. முத்தையாவின் வக்கீல்தான் கேட்டு வாங்கியிருந்தார். எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. பிள்ளைக்கு ஏதோ தட்டுப்பட்டிருக்க வேண்டும். புறப்படும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்வே, சாமுவேல். கேக்காதத நீரா இழுத்துப் போட்டுக்கிடாதயும்.”

கோர்ட்டில் நான் போய் உட்கார்ந்தபோது அந்த வாக்குமூலத்தைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே இருந்த மொழிபெயர்ப்பாளர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, இங்கிலீஷைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொன்னார். கரையில் போட்டேன், மண்வெட்டியோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன், சரணடைந்தேன் என்று அவர் சொன்னதும் கூண்டுக்குள் இருந்த முத்தையா நிமிர்ந்து பார்த்தான். நான் அப்படிச் சொல்லவே இல்லை என்றான்.

என் இங்கிலீஷ் தமிழாகத் திரும்பி வந்ததை நான் கேட்டது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. நோட்டின் அந்தப் பக்கமும் சிவப்பு மை வரியும் கண்ணுக்கு முன் வந்தன. அவனே குற்றத்தை ஒப்புக்கொண்டான் என்று நான் எழுத வைத்திருக்கிறேன். வேறு சாட்சியே இல்லாத வழக்கில் அந்த ஒரு வரி போதும், அவனைத் தூக்குமரத்துக்கு அனுப்ப.

என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். வேதப் புத்தகத்தைக் கையில் கொடுத்துச் சத்தியம் வாங்கினார்கள். வக்கீல் என்னிடம் கேட்டது இரண்டே கேள்விதான்: வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினீரா? காட்டினேன் என்றேன். சரி என்று ஒப்புக்கொண்டானா? ஒப்புக்கொண்டான் என்றேன். இரண்டும் பொய்யில்லை. பிள்ளையும் என் பின்னாலேயே வந்து பின் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார்; அவர் தலை மெல்ல அசைந்தது. நான் வாசித்தே காட்டவில்லை என்று முத்தையா சொல்லுவான், அப்படிச் சொன்னால் தாள் செல்லாமல் போகும் என்று வக்கீல் நம்பியிருந்தார் போலும். ஜட்ஜ் துரை முத்தையாவைப் பார்த்து, இந்த மனிதர் உனக்கு வாசித்துக் காட்டியது உண்மையா என்று கேட்கச் சொன்னார். முத்தையா என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

“வாசிச்சாவ எசமான். அய்யா மேல ஒரு கொற சொல்லப்படாது. நான் சொன்னத ஒரு சொல்லு மாறாம அப்படியே வாசிச்சாவ. இந்தத் தாளத்தான் யாரோ மாத்திப்பிட்டாவ.”

தன் கழுத்துக்குத் தானே சுருக்குப் போட்டுக்கொள்கிறோம் என்று அவனுக்குத் தெரியாது. மனதில் பட்ட உண்மையைச் சொன்னான், அவ்வளவுதான். தாளில் அடித்தல் திருத்தல் ஒன்றும் இல்லை, அடியில் அவன் விரல் ரேகை இருக்கிறது, அதற்கும் கீழே என் கையெழுத்து இருக்கிறது. ஜட்ஜ் துரை ஏதோ எழுதிக்கொண்டார். வக்கீல் தலையில் கை வைக்காத குறையாக உட்கார்ந்துவிட்டார். நீர் இறங்கலாம் என்று எனக்குச் சொன்னார்கள்.

நான் இறங்கவில்லை. தைரியம் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அந்தக் கும்பிட்ட கையைப் பார்த்தபின் என்னால் அங்கிருந்து நகர முடியவில்லை. என் ஞாபகசக்தி அவனுக்கு எமனாக வந்து நின்றது. நான் அந்தத் தாளை வாசிக்கவில்லை என்று இங்கிலீஷில் சொன்னேன். ஜட்ஜ் துரைக்கு முதலில் புரியவில்லை. பின்னே எதை வாசித்தீர் என்று கேட்டார். அவன் தமிழில் சொன்னதை ஞாபகத்திலிருந்து ஒப்பித்தேன், தாளை நான் கண்ணால் பார்த்ததில்லை, சரணடைந்தேன் என்று அவன் சொல்லவில்லை, அது நான் வழக்கமாகப் போடுகிற வாக்கியம் என்றேன். அப்படியானால் அவன் சொன்னதை இப்போது சொல்லும் என்றார்.

சொன்னேன். கண்ணை மூடவில்லை, முத்தையாவைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். விடியக்கருக்கல்ல மடையத் தொறக்கப் போனேன் என்று தொடங்கி முடிகிற வரைக்கும் ஒரு சொல் விடவில்லை. அங்கத்திய மொழிபெயர்ப்பாளர் அதை இங்கிலீஷில் சொல்ல, ஜட்ஜ் துரை எழுதினார். எழுதி முடித்து, எத்தனை வருஷமாக இப்படி வாசிக்கிறீர் என்று கேட்டார். பத்து வருஷம் என்றேன். உங்கள் கச்சேரியில் எல்லாருமா என்றார். நான் பின் பெஞ்சியைப் பார்க்காமல், என்னைப் பற்றி மட்டும்தான் என்னால் சொல்ல முடியும் என்றேன். அது ஒன்றுதான் அன்று நான் சொன்ன மழுப்பல்.

முத்தையாவை விடுதலை செய்துவிட்டார்கள். பண்ணையார் வழுக்கி விழுந்தாரா, யாராவது அடித்தார்களா என்பது கடைசி வரை தெரியாமலே போயிற்று.

கச்சேரியில் என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். பொருள்களை எடுக்கப் போனபோது என் மேஜை காலியாகத் துடைத்துக் கிடந்தது. பிள்ளை எழுந்து வந்தார். வழக்கம்போல் ஆட்காட்டி விரலை அந்த வெறும் மேஜையின் மேல் வைத்து, வெகுநேரம் எடுக்காமல் நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன்.

“நான் முப்பது வருசமாக் கண்ண மூடிக்கிட்டு வாசிச்சிருக்கேன்வே,” என்றார். அந்த மாசக் கடைசியிலேயே ஓய்வு வாங்கிக்கொண்டு தச்சநல்லூருக்குப் போய்விட்டார். அதன்பின் நாங்கள் சந்திக்கவே இல்லை.

தாளைக் கையில் வாங்கித்தான் வாசிக்க வேண்டும் என்று ஒரு உத்தரவு வந்தது. பழைய வழக்குகளைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னதற்காக என்னை மன்னித்து, இனி மொழிபெயர்ப்புப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லி, முடிந்த வழக்குக் கட்டுகளை வைத்திருக்கும் அறைக்குப் பொறுப்பாகப் போட்டார்கள்.

தை மாசம் முத்தையா வீடு தேடி வந்தான். தோளில் ஒரு வாழைத்தார். வாசலில் இறக்கி வைத்துவிட்டு, கண் கலங்கி நின்றான். எனக்காவ கோர்ட்டுல பொய் சொல்லி ஒங்க வேலையக் கெடுத்துக்கிட்டியளே என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொய்யில்லை முத்தையா, நான் தாளைப் பார்க்காமல்தான் வாசித்தேன், தப்பு என்னுடையதுதான் என்று மூன்று தடவை விளக்கினேன். அவன் குழந்தைக்குச் சொல்லுகிற மாதிரி பைய என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“எனக்குத் தெரியாதா அய்யா? எங்காதால கேட்டேனே. நான் சொன்னத நீங்க அப்படியே வாசிச்சிய. இப்படி எத்தன பேருக்கு வாசிச்சிருப்பிய. அவிய புண்ணியமெல்லாம் ஒங்களக் காப்பாத்தும்.”

அவன் போனபின் அந்த வாழைத்தாரை வீட்டில் யாரையும் நான் தொடவிடவில்லை. மறுநாள் காலை கச்சேரிக்குப் போய் அந்த அறையைத் திறந்தேன். சிவப்புத் துணியில் கட்டிய கட்டுகள் சுவர் முழுக்க அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் வருஷமும் கைதியின் பெயரும் இருந்தன. சில பெயர்களைப் படித்ததும் முகங்கள் ஞாபகம் வந்தன. பெருவிரலை நீட்டும் முன் சரிதான் அய்யா என்று அவர்கள் தலையாட்டியதும் ஞாபகம் வந்தது.

பதினாறு வருஷம் அந்த அறையின் சாவி என் இடுப்பில் இருந்தது. ஒரு கட்டைக்கூட நான் அவிழ்த்துப் பார்க்கவில்லை.